ரெட்டைக்குழாய்க் கப்பலுக்கு விட்ட சிவப்பு வாணம்

இன்று காலையில் பலசரக்குக் கடையில் கால் படி பொட்டுக்கடலை வாங்கினேன். கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்தது காலண்டருக்கு அடித்துக் கழித்த தாள். நம் பக்கம் அதுதானே வழக்கம். சிவகாசி அச்சாபீசில் கலர் தப்பிப்போன சாமி படமும் பூ படமும் குழந்தை படமும் நம் வீட்டுக்குப் பருப்பும் மிளகாயும் சுமந்து வந்து சேரும். கடலையை டப்பாவில் கொட்டிவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் புதுக் கப்பல்.

வெள்ளை வெளேரென்று, ஒற்றைப் புகைக்குழாயோடு, கம்பெனிக்காரன் கொடி கட்டி நிற்கிறது. மேலே வானம் முழுக்க வாணவேடிக்கை வரைந்திருக்கிறான். சிவப்பு மட்டும் அச்சில் விலகிப்போய், வானத்தில் இருக்க வேண்டியதெல்லாம் கீழே தண்ணீரில் சிந்திக் கிடந்தது. அதனால்தான் தாளைக் கழித்திருப்பார்கள். இதைப் பார்க்க நீங்கள் இல்லாமல் போனது நல்லதுதான் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். இருபது வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைப் பற்றி இப்படியா நினைக்க வேண்டி வரும் என்று அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பதில் வராது என்று தெரியும். உயிரோடு இருந்தபோதும் நீங்கள் எனக்குச் சரியாகப் பதில் சொன்னது கிடையாது.

அப்போது நீங்கள் வெம்பக்கோட்டை ரோட்டுப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். நான் சாத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சாயங்காலம் நீங்கள் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தால் வீடே கந்தகமாக நாறும். "முதல்ல குளிங்க, சோத்துப் பானைக்கிட்ட வராதீக" என்று விரட்டுவேன். "இந்த நாத்தந்தான் ஒனக்குச் சோறு போடுது" என்பீர்கள். "எனக்கு மிஷன் சோறு போடுது" என்பேன். பிள்ளை இல்லாத வீட்டில் இந்தச் சண்டைதான் நமக்குப் பொழுதுபோக்கு. ஆலயத்தில் கூடப் பாதிப் பிரசங்கத்தில் என் காதுக்குள் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்து, பாதிரி ஐயர் என்னை முறைக்கும்படி செய்துவிட்டு நீங்கள் பக்தியாக உட்கார்ந்திருப்பீர்கள்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து, மழையும் பெய்து, கம்பெனியில் வேலை ஓய்ந்து கிடந்தது. ஒரு நாள் சாயங்காலம் வழக்கத்துக்கு மாறாக வாசலிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தீர்கள்.

"ஏட்டி, தூத்துக்குடிலருந்து ஆர்டர் வந்திருக்கு. நம்ம ரெட்டைக்குழாய் இருக்குல்லா, அதை உடைக்க அனுப்புதாகளாம்."

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் போய்வந்த அந்தக் கப்பலுக்கு இங்கிலீஷில் என்னவோ பெயர். புகைக்குழாய் இரண்டு இருந்ததால் நம் சனங்களுக்கு அது ரெட்டைக்குழாய். உங்கள் அப்பா கொழும்பில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். வருஷத்துக்கு ஒரு தரம் அந்தக் கப்பலில் வருவார், அந்தக் கப்பலிலேயே திரும்புவார். கடைசியாகப் போனவர் வரவில்லை. அங்கேயே காய்ச்சலில் முடிந்துபோய் அங்கேயே அடக்கமும் ஆனார். அவரைக் கடைசியாகப் பார்த்தது அந்தக் கப்பலுக்குப் போகிற படகில் ஏறும்போதுதான் என்று நீங்கள் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்தக் கப்பலுக்கு வயதாகிவிட்டதாம். நிலக்கரியாகத் தின்கிறதாம், வேகமும் இல்லையாம். கம்பெனிக்காரர்கள் சீமையில் புதுக் கப்பல் கட்டச் சொல்லி, அது சித்திரையில் வருகிறதாம். பழையதைப் பம்பாய்க்குக் கொண்டுபோய் உடைத்து இரும்பாக விற்கப் போகிறார்களாம். போகிற அன்று பெரிய மனுஷர்களைக் கப்பலில் ஏற்றி விருந்து வைத்து, அந்தியில் வாணம் விட வேண்டுமாம். வாணத்தோடு விடத் தெரிந்த ஆளும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"நானே போறேன்னு சொல்லிட்டேன். எங்கய்யா போன கப்பல். அதுக்கு நாம ஏதாச்சும் செய்யணும்ல" என்றீர்கள்.

என்ன கலர் என்று அவர்கள் எழுதவில்லை. கரைக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். உங்கள் முதலாளி நல்ல மனுஷன், எதையும் மங்களமாகச் செய்ய வேண்டும் என்பவர். "கெழவி போறா. சுமங்கலியா அனுப்பி வைப்போம். எல்லாத்தையும் செவப்பாப் போட்டுரு" என்று சொல்லிவிட்டார். நீங்களும் யோசித்துத்தான் தலையாட்டினீர்கள். கப்பல் கரையிலிருந்து பல மைல் தள்ளி ஆழத்தில் நிற்கும், அம்புட்டுத் தூரத்துக்குத் தெளிவாகத் தெரிவது சிவப்புதான் என்று எனக்கும் விளக்கினீர்கள். உங்கள் கையால் சிவப்பு மருந்து கலந்தால் அது ரத்தினம் மாதிரி எரியும் என்று சிவகாசி வரைக்கும் பேர் இருந்தது. வேறு யாரையும் தொடவிடாமல் நீங்களே கலந்து, நீங்களே அடைத்து, வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டினீர்கள்.

வைப்பாற்றில் தண்ணீர் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு வேடிக்கை பார்க்கப் போகிற சனம் நாம். கடலில் எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று நமக்கு யார் சொன்னார்கள்? கப்பல் வைத்திருந்தவனுக்குத் தெரியும், ஓட்டினவனுக்குத் தெரியும், அவர்கள் சொல்லவில்லை. இதை உங்களிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

மார்கழியில் போனோம். என் சித்தி மகள் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள், அவள் வீட்டில் தங்கினோம். மத்தியானமே உங்களைக் கம்பெனிப் படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியின்மேல் கையை வைத்தபடி மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். நான் பொழுது சாய்கிற நேரத்தில் சித்தி மகளோடு கடற்கரைக்குப் போனேன். மீன்பிடிக்கிறவர்கள் தெருவை ஒட்டின கரை. வாடைக்காற்று முகத்தில் அடித்தது. தூரத்தில் ரெட்டைக்குழாய் கட்டை விரல் உயரத்துக்குத் தெரிந்தது.

முதல் வாணம் ஏறி வெடித்தது. அம்மாடி, அந்தச் சிவப்பு. கல்யாணத்துக்குப் பிறகு உங்களைப் பார்த்து நான் அவ்வளவு பெருமைப்பட்டது அன்றைக்குத்தான். சித்தி மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரக விடுதாக" என்று சொல்லி வாய் மூடவில்லை. பின்னால் ஒரு பொம்பளை வயிற்றில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஏலே, செவப்பு விடுதான்லே. கப்பல் முங்குதுலே."

தெருவே எழுந்து வந்துவிட்டது. ஒருவர் சொன்னார், "பழைய கப்பல், எம்புட்டு நாளைக்குத் தாங்கும், இன்னைக்குப் போச்சு." யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கடலில் ஆபத்து என்றால் சிவப்பு வாணம் விடுவார்கள் என்பது அந்தக் கரையில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். கிழட்டுக் கப்பல் வேறு. நீங்கள் அடுத்ததை விட்டீர்கள், அதற்கு அடுத்ததையும் விட்டீர்கள். ஒவ்வொன்றுக்கும் இந்தக் கரையில் ஆட்கள் வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஓடினேன். சேலை நனைய முழங்கால் தண்ணீரில் நின்று கத்தினேன். "ஐயா, அது வேடிக்கை வாணம். கப்பலுக்கு ஒண்ணும் ஆகல. எங்க வீட்டுக்காரகதான் விடுதாக, போகாதீக." காற்று என் பேச்சை என் வாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளியது. ஒருவர் மட்டும் திரும்பிப் பார்த்து, "தள்ளி நில்லுங்கம்மா" என்றார். வள்ளங்கள் போய்விட்டன.

துறைமுக ஆபீசுக்கு வாணம் விடப்போவதைச் சொல்லியிருந்தார்களாம். விருந்துக்கு வந்தவர்களுக்குச் சொல்லியிருந்தார்களாம். வள்ளக்காரனுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. பாதி வழியில் ஒரு வள்ளம் அலையில் கவிழ்ந்தது. விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு திரும்பிய கம்பெனிப் படகுதான் கவிழ்ந்தவர்களைத் தூக்கியது. சவரிமுத்து என்று ஒருவர் மட்டும் கிடைக்கவில்லை. அந்தப் படகில்தான் நீங்களும் வந்தீர்கள். சிரித்துக்கொண்டு புறப்பட்ட மனுஷன், கரையில் இறங்கும்போது உங்கள் முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "நல்லாத் தெரிஞ்சுதா?" என்று என்னிடம் கேட்கத்தான் நீங்கள் வழியெல்லாம் நினைத்திருந்தீர்களாம். பிறகு எப்போதோ சொன்னீர்கள்.

ரெட்டைக்குழாய் அன்றைக்கே பம்பாய்க்குப் புறப்பட்டுவிட்டது. அதற்கு ஒன்றும் தெரியாது, இரும்புதானே.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் சவரிமுத்து வீட்டு அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும் என்றீர்கள். நான் வேண்டாம் என்றேன். போலீசே விபத்து என்று முடித்துவிட்டது, நீங்கள் எதற்குப் போய்ப் புண்ணைக் கிளற வேண்டும் என்றேன். கேட்கவில்லை. தனியாக அனுப்ப மனசு வராமல் நானும் வந்தேன். ஓலைக் கூரை வீடு. அந்த அம்மா நம்மைக் கம்பெனி ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு பாயை விரித்தார்.

"வாங்க, உக்காருங்க. அவுக அன்னைக்குச் சோத்துல கை வச்சுட்டாக. செவப்பு விடுதான்னு சத்தம் கேட்டதும் கையைக்கூடக் கழுவல, அப்படியே எந்திரிச்சு ஓடிட்டாக. செவப்பு விட்டா போகணும். கூப்புடுதது யாருன்னு இங்கன ஒருத்தரும் கேக்க மாட்டாக."

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "கூப்பிட்டது நாந்தாம்மா" என்றீர்கள். பட்டாசுக் கம்பெனி, ஆர்டர், வாணம் எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தீர்கள். அந்த அம்மா திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"எதுக்குய்யா கூப்பிட்டீக?"

நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டீர்கள். ரயிலில் மணியாச்சி வரைக்கும் ஜன்னலைப் பார்த்தபடி வந்தீர்கள். மணியாச்சியில் வண்டி மாறும்போது, "சும்மா, அழகுக்குன்னு எப்பிடிட்டி சொல்லுவேன்?" என்றீர்கள். அந்த அம்மா நாலு வார்த்தை ஏசியிருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்கள் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு உங்களுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றுதான். புதுக் கப்பல் வரும்போது சிவப்பு விடக் கூடாது. அந்த ஆர்டர் உங்கள் கம்பெனிக்கு வரவில்லை, சிவகாசியில் வேறு எவருக்கோ போயிருந்தது. யாருக்கு என்று தெரியாததால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினீர்கள். உங்களை மதித்தவர்கள்தான் எல்லோரும். "செவப்பு இல்லாம வாணமா, அண்ணாச்சி? ஒங்களுக்கு மனசு சரியில்ல. வீட்டுல போயி நல்லாத் தூங்குங்க" என்று மோர் கொடுத்து அனுப்பினார்கள். தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் கம்பெனி வாசலிலும் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தீர்கள். ஆபீஸ் மூடுகிற நேரத்தில் ஒரு குமாஸ்தா வந்து, "இந்தத் தடவை அப்பிடி ஆகாது. கரையெல்லாம் தண்டோராப் போடச் சொல்லியாச்சு. வேடிக்கைதான், யாரும் பயப்படாதீகன்னு சொல்லிட்டோம். நிம்மதியாப் போங்க" என்றாராம்.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. உங்களுக்கு இல்லை. புதுக் கப்பல் வருகிற அன்று பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். திரும்பவும் அதே கரைக்குப் போனோம். சித்திரை மாசம், காற்று லேசாகத்தான் இருந்தது. ஊரே திருவிழா மாதிரி கூடியிருந்தது. ஐஸ் வண்டிக்காரனும் சுண்டல்காரனும் வந்திருந்தார்கள். வெள்ளைக் கப்பலில் விளக்குப் போட்டிருந்தார்கள். அதில் மின்விசிறி இருக்கிறது, கண்ணாடி வைத்த சாப்பாட்டு ஹால் இருக்கிறது என்று பக்கத்தில் ஒருவர் தானே கட்டினவர் மாதிரி அளந்துகொண்டிருந்தார். பழைய கப்பலைப் பற்றி யாரும் பேசவில்லை. மீன் பிடித்துவிட்டு வள்ளங்கள் பாய் விரித்துக் கரைப் பக்கம் வந்துகொண்டிருந்தன.

வாணம் ஏறியது. முதலில் வெள்ளை, பிறகு பச்சை, பிறகு சிவப்பு. உங்கள் சிவப்பு மாதிரி இல்லை, கொஞ்சம் வெளிறினதுதான். சனங்கள் கைதட்டினார்கள். நீங்கள் வானத்தைப் பார்க்கவே இல்லை. வள்ளங்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சிவப்பு மறுபடியும் ஏறியது, மறுபடியும் ஏறியது. வள்ளங்கள் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தன.

நான் உங்கள் தோளைத் தொட்டு, "பாத்தீகளா, ஒருத்தரும் ஏமாறல. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. இனிமேலாச்சும் மனசத் தேத்துங்க" என்றேன்.

"ஆமாட்டி. ஒரு வள்ளமும் கப்பல் பக்கம் திரும்பல" என்றீர்கள். அப்புறம் குரல் உடைந்துபோய்ச் சொன்னீர்கள். "பழகிட்டாக. இனிமே நெசமா முங்குறவன் செவப்பு விட்டா யாரு போவா?"

கைதட்டுகிற கூட்டத்துக்கு நடுவில் நீங்கள் மணலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதீர்கள். சுண்டல்காரன்கூட நின்று பார்த்துவிட்டுப் போனான். நான் என் முந்தானையால் உங்கள் முகத்தைத் துடைத்தேன். ஒரு உயிர் போனதற்கு அழுகிறீர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கரையில் காலங்காலமாக இருந்த ஒரு பேச்சு செத்துப்போனதற்கும், அதற்கு முதல் கொள்ளி உங்கள் கையால் வைத்தது என்பதற்கும் அழுகிறீர்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய? அதற்கு ஆறுதல் என்று ஒன்று உலகத்தில் இருந்தால் நான் எங்கே போயாவது வாங்கி வந்திருப்பேன்.

பிறகு நீங்கள் சிவப்பு மருந்தைத் தொடவில்லை. சிவப்பு தொடாத போர்மேனை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி சீசனைத் தாண்டும்? முதலாளி ஒரு தீபாவளி வரைக்கும் பொறுத்தார். "ஒரு வருஷம் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று மரியாதையாகத்தான் அனுப்பினார். நீங்கள் திரும்பிப் போகவில்லை. சாத்தூரில் தீப்பெட்டிக் கம்பெனிக்கு லாரியில் வருகிற மரத்தை இறக்குகிற வேலைக்குப் போனீர்கள். எத்தனை பேர் என்னிடம் வந்து, "டீச்சர், அண்ணாச்சியை இப்பிடி விடலாமா?" என்று கேட்டார்கள். கோபத்தில் நானும் உங்களைப் போட்டு வறுத்தெடுத்திருக்கிறேன். அழுதிருக்கிறேன், பட்டினி கிடந்திருக்கிறேன், ஐயரைக் கூட்டிவந்து ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கிறேன். ஐயர் போனதும், "நல்லாத்தான் ஜெபிச்சாரு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். என் காதுக்குள் பேசிச் சிரிக்க வைத்த மனுஷன் எங்கே போனார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நெஞ்சு கட்டி, மூச்சு வாங்கி, ஆடி மாசத்தில் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தபோது உங்களுக்குப் பாதி நினைவுதான் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து தெளிவாகக் கேட்டீர்கள்.

"வள்ளம் ஏதாச்சும் திரும்புச்சா?"

நான், "திரும்பிருச்சுங்க. ஒண்ணு திரும்பிருச்சு. பாத்துட்டுத்தான் வாறேன்" என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்லுகிறீர்கள் என்னை? நீங்கள் ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தீர்கள். "பொய் சொல்லுதே" என்றீர்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் நாம் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு. இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்ததற்கு எனக்கு நீங்கள் விட்டுப்போன சொல் அதுதான்.

தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். கடலை டப்பாவில் இருக்கிறது, தின்ன மனசில்லை.

இப்போது இங்கே சீசன். பொழுது சாய்ந்தால் கம்பெனிக்காரர்கள் சாம்பிளுக்கு வாணம் விட்டுப் பார்க்கிறார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒன்று ஏறுகிறது, சிவகாசிப் பக்கம் ஒன்று ஏறுகிறது. சிவப்பு ஏறும்போது நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். பரீட்சைத் தாளானாலும் சரி, அரைத்துக்கொண்டிருக்கிற மாவானாலும் சரி. எழுந்து தெருவுக்குப் போய் அந்தத் திசையைப் பார்த்து நிற்கிறேன். நேற்று எதிர்வீட்டுப் பெண், "யாரைத் தேடுதீக, டீச்சர்?" என்று கேட்டாள். "யாரும் கூப்புடுதாகளான்னு பாக்கேன்" என்றேன். இந்த அம்மாவுக்கும் புருஷனைப் போலவே ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும். யாரும் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியாதா? சிவப்பு கண்ணுக்கு முன்னால் அணைந்து புகையாகப் போகிற வரைக்கும் நிற்கிறேன். பிறகு உள்ளே வந்துவிடுகிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான், கடல் இங்கிருந்து ரொம்ப தூரம்.